அளந்து எழுதிய சட்டை: திருப்பதி, சித்தூரிலிருந்து ஜப்பான் கடைகளில் உடை வாங்குவது

திருப்பதியில் துணிக்குக் குறைவில்லை. காஞ்சிபுரமும் ஆரணியும் சில மணி நேரப் பயணத்தில் இருக்கின்றன. வடக்கே வெங்கடகிரிச் சேலை, கிழக்கே காளஹஸ்திக் கலம்காரி, தென்கிழக்கே நகரி, புத்தூர் விசைத்தறிகள். இத்தனைக்கும் நடுவில் வாழும் ஒருவர் ஜப்பானில் இருக்கும் கடை ஒன்றில் சட்டை வாங்க ஆசைப்பட்டால், அதை வீண் ஆசை என்று ஒதுக்க எனக்கு மனமில்லை. ஐ.ஐ.டி.யும் ஐசரும் 2015-ல் திருப்பதிக்கு வந்தபின் பல ஊர்ப் பிள்ளைகள் இங்கே படிக்கிறார்கள். ஸ்ரீசிட்டியில் இசுசு, டைக்கின், யூனிசார்ம் போன்ற ஜப்பானிய ஆலைகளில் சித்தூர், சத்தியவேடு பக்கத்து இளைஞர்கள் வேலை செய்கிறார்கள். அனிமே பார்த்து வளர்ந்த தலைமுறை இது. ஜப்பானியத் தையலின் நேர்த்தியைப் பற்றிக் கேள்விப்படாதவர்கள் இவர்களில் குறைவு. ஆகவே கேள்வி நியாயமானது: இங்கிருந்து அங்கே வாங்க முடியுமா? முடியும் என்றால் என்ன செலவு, என்ன இடைஞ்சல், எதை வாங்குவது தகும்?

முதலில் ஒன்றைப் பிரித்துக்கொள்ள வேண்டும். ஜப்பானிய நிறுவனத்தின் உடை வேறு, ஜப்பானில் உள்ள கடை விற்கும் உடை வேறு. முஜி 2016-ல் ரிலையன்ஸோடு சேர்ந்து மும்பையில் கடை திறந்தது. யூனிக்லோ 2019 அக்டோபரில் டெல்லிக்கு வந்தது, 2021-ல் இந்தியாவுக்கென இணையக் கடையும் தொடங்கியது. இவற்றில் வாங்குபவர் ரூபாயில் பணம் கட்டி, உள்நாட்டு பார்சலாகவே உடையைப் பெறுகிறார். சுங்கத்தைப் பற்றி நினைக்க வேண்டியதே இல்லை. ஆனால் ஜப்பானில் அந்நிறுவனங்கள் விற்கும் வகைகளில் ஒரு பகுதிதான் இங்கே வருகிறது. சிறு தையலகங்களின் ஆடைகள், ஒகாயாமா ஜீன்ஸ், வேலைக்காரர் உடுப்புகள், பருவத்துக்கு ஒருமுறை மட்டும் வரும் அச்சுச் சட்டைகள் எல்லாம் அங்கேயே தங்கிவிடுகின்றன. அவை கிடைக்கும் இடங்கள் ராகுட்டென் (1997), யாஹூ ஏலம் (1999), ஸோஸோடவுன் (2004), தனிநபர்கள் ஒருவருக்கொருவர் விற்றுக்கொள்ளும் மெர்காரி (2013) போன்ற சந்தைகள்.

இந்தச் சந்தைகள் ஜப்பானில் முகவரி உள்ளவர்களுக்காகக் கட்டப்பட்டவை. பெயரை அவர்கள் எழுத்தில் கேட்கும். ஏழு இலக்க அஞ்சல் குறியீடு கேட்கும். வெளிநாட்டுக் கடன் அட்டையைச் சில கடைகள் ஏற்காது. யூனிக்லோவின் ஜப்பான் இணையக் கடைகூட வெளிநாட்டுக்கு அனுப்புவதில்லை. அதனால் வழிகள் இப்படிப் பிரிகின்றன. சில சிறு நிறுவனங்கள், குறிப்பாக ஜீன்ஸ் விற்பவை, நேரடியாகவே வெளிநாட்டுக்கு அனுப்புகின்றன, இதுதான் எளிது. இன்னொன்று, ஜப்பானில் ஒரு கிடங்கு முகவரியைத் தரும் சேவை: நாம் வாங்குகிறோம், பொருள் அங்கே போகிறது, அவர்கள் இந்தியாவுக்கு அனுப்புகிறார்கள். மூன்றாவது, நமக்காகக் கடையில் வாங்கியும் தரும் இடையாள் தளங்கள். பையீ, ஸென்மார்க்கெட் போன்றவை இவ்வகை. கடையைப் பொறுத்தவரை வாங்குபவர் ஜப்பானில் இருக்கும் அந்த நிறுவனம்தான். நாம் கடையின் கண்ணிலேயே படுவதில்லை.

நம் ஊர்க்காரர்களிடம் நான்காவது வழி ஒன்றும் உண்டு, அதுவே பழையது. தோக்கியோவின் நிஷி-கசாய் பகுதியில் வாழும் இந்தியக் குடும்பங்களில் தமிழரும் தெலுங்கரும் இருக்கிறார்கள். அத்தை மகனோ கல்லூரித் தோழியோ அங்கிருந்தால், அவர்கள் முகவரிக்கு வரவழைத்து ஊருக்கு வரும்போது பெட்டியில் வைத்து எடுத்து வரச் சொல்லலாம். பயணி கொண்டு வரும் பொருளுக்கு 50,000 ரூபாய்க்குக் குறையாத சுங்கச் சலுகை இருக்கிறது. அஞ்சலில் வரும் சட்டைக்கு அந்தச் சலுகை கிடையாது. செலவு மட்டும்தான் கவலை என்றால், இதைவிட நல்ல வழி இல்லை.

இடையாள் தளத்தில் பதிவு செய்யும்போதே ஒரு சிக்கல் வரும். அது சிறியதுதான், ஆனால் பார்சலை வாரக்கணக்கில் நிறுத்தி வைக்கக்கூடியது. படிவம் முதற்பெயர், குடும்பப்பெயர் என்று இரண்டு கட்டம் கேட்கும். தமிழர்களுக்கு இனிஷியல்தான் உண்டு. தெலுங்கர்களுக்கு வீட்டுப்பெயர் முன்னால் வரும். ஒருவர் அப்பா பெயரை விரித்து எழுதுவார், இன்னொருவர் ஓர் எழுத்தோடு நிறுத்துவார். பார்சல் இந்தியாவுக்குள் வந்ததும் கூரியர் நிறுவனம் அடையாளச் சான்று கேட்கும். ஆதாரில் இருப்பதும் பார்சல் மேல் இருப்பதும் எழுத்துக்கு எழுத்து ஒத்துப்போகாவிட்டால் கேள்வி மேல் கேள்வி. ஆகவே பதிவு செய்யும் நாளிலேயே ஆதார் அட்டையைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, அதில் உள்ளபடியே எழுத வேண்டும். முகவரியில் கதவு எண், தெரு, 517501 அல்லது 517001 என்ற பின்கோடு, பேசக்கூடிய கைபேசி எண் ஆகியவை தெளிவாக இருந்தால் போதும். கடன் அட்டையில் வெளிநாட்டுப் பரிவர்த்தனை திறந்திருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும். ரிசர்வ் வங்கியின் 2020 விதிக்குப் பிறகு புதிய அட்டைகளில் அது மூடியே வருகிறது. வங்கிச் செயலியில் நாமே திறக்க வேண்டும்.

இப்போது பணத்துக்கு வருவோம். 2024 ஜூலையில் ஒரு டாலருக்கு 160 யென்னுக்கு மேல் போனது. 1986-க்குப் பிறகு யென் இவ்வளவு இறங்கியதில்லை. ரூபாய்க் கணக்கில் 100 யென் அண்மைக் காலத்தில் 50-க்கும் 60-க்கும் இடையே ஆடிக்கொண்டிருக்கிறது. ஜப்பான் உடை மலிந்துவிட்டது என்ற பேச்சு இதிலிருந்து பிறந்ததுதான். பேச்சு பாதிதான் உண்மை என்பதைக் காட்ட ஒரு சட்டையை எடுத்துக்கொண்டு கணக்குப் போடலாம்.

சட்டை விலை 7,000 யென். ஜப்பானின் 10 சதவீத விற்பனை வரி இதில் அடங்கியிருக்கிறது. ஏற்றுமதிக்கு அந்த வரி இல்லை என்றாலும், இடையாள் தளம் உள்நாட்டில் வாங்குவதால் நமக்கு அது பெரும்பாலும் கழிவதில்லை. கடையிலிருந்து கிடங்குக்குப் போகும் கட்டணம் 600 யென் என்று வைத்துக்கொள்வோம். தளத்தின் கூலி பொருளுக்கு 300 முதல் 500 யென். 500 என்றே கொள்வோம். ஜப்பான் அஞ்சலின் இ.எம்.எஸ். கட்டணம், 2022 ஜூனில் வந்த அட்டவணைப்படி, ஆசிய நாடுகளுக்கு 500 கிராம் வரை 1,900 யென். ஆக 10,000 யென். 57 பைசா வீதம் 5,700 ரூபாய். வங்கி அந்நியச் செலாவணிக்கு 3.5 சதவீதமும், அதன் மேல் ஜி.எஸ்.டி.யும் சேர்த்து ஏறக்குறைய 235 ரூபாய் எடுத்துக்கொள்ளும். சட்டை இன்னும் இந்தியாவுக்குள் வரவில்லை. அதற்குள் 3,990 ரூபாய்ப் பொருளுக்கு 5,935 ரூபாய் போய்விட்டது.

அடுத்தது சுங்கம். தனிப்பட்ட பயன்பாட்டுக்கு அஞ்சலிலும் கூரியரிலும் வருவதற்கு 9804 என்ற தனித் தலைப்பு உண்டு. சில ஆண்டுகளுக்கு முன்புவரை இதில் சுங்கவரி 35 சதவீதம், அதன் மேல் மிகைவரி, இரண்டும் சேர்ந்த தொகையின் மேல் 28 சதவீத ஐ.ஜி.எஸ்.டி. மொத்தத்தில் 77.28 சதவீதம். நூறு ரூபாய்ப் பொருள் வாசலுக்கு வரும்போது 177 ரூபாய். 2025 செப்டம்பர் 22-ல் ஜி.எஸ்.டி. படிகள் மாறியபோது அந்த 28 சதவீதம் 18 ஆனது. 2026-27 பட்ஜெட்டில் நிதியமைச்சர், இதற்கிடையே 20 ஆகியிருந்த இந்தத் தலைப்பின் சுங்கவரியை 10 சதவீதமாகக் குறைப்பதாக அறிவித்தார். வரி போடப்படுவது சட்டையின் விலை மேல் மட்டும் அல்ல; கப்பல், விமானக் கட்டணமும் சேர்ந்த மதிப்பின் மேல். நம் சட்டைக்கு அந்த மதிப்பு 9,000 யென், அதாவது 5,130 ரூபாய் என்று எடுத்துக்கொண்டால், சுங்கவரி 513. கூட்டுத்தொகையான 5,643-ன் மேல் 18 சதவீதம் 1,016. இரண்டும் சேர்த்து 1,529 ரூபாய். ஆகக் கடைசியாக 7,464 ரூபாய். கடையில் எழுதியிருந்த விலையைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு. பழைய விகிதத்தில் இதே சட்டை 9,900 ரூபாய் ஆகியிருக்கும், இரண்டரை மடங்கு. வரி குறைந்தது உண்மையான நிவாரணம்தான் என்று ஒப்புக்கொள்ள வேண்டும்.

மூன்று நான்கு சட்டைகளை ஒரே பெட்டியில் போட்டால் மலிவாகும் என்று எல்லாரும் சொல்வார்கள். இடையாள் தளங்கள் ஒரு மாதத்துக்குக் குறையாமல் கிடங்கில் வைத்திருப்பதும் அதற்காகத்தான். ஆனால் கணக்குப் பார்த்தால் மிச்சம் நினைத்த அளவுக்கு இல்லை. ஒரு கிலோவுக்கு இ.எம்.எஸ். 3,150 யென், மூன்று கடைகளிலிருந்து மூன்று சட்டை என்றால் ஒன்றுக்கு 850 யென் மிஞ்சுகிறது, அவ்வளவே. தளக் கூலியும் உள்நாட்டுக் கட்டணமும் பொருளுக்குப் பொருள் ஏறுவதால் அவை குறைவதில்லை. ஒரே கடையில் வாங்கினால் கொஞ்சம் கூடுதல் லாபம். அதே சமயம் ஒரே சட்டை ஒரே அளவில் ஆறு வந்தால், அது விற்பனைக்கு வருகிறதோ என்று சுங்க அதிகாரிக்குத் தோன்றும். வணிக இறக்குமதிக்கு ஏற்றுமதி-இறக்குமதிக் குறியீட்டெண் வேண்டும். அந்தச் சந்தேகத்துக்கு இடம் தரக்கூடாது. பரிசு என்று எழுதி அனுப்பச் சொல்லும் யோசனையும் இன்னும் உலவுகிறது. 2019 டிசம்பரிலேயே அஞ்சல், கூரியர் வழி வரும் பரிசுகளுக்கான வரிவிலக்கை அரசு எடுத்துவிட்டது. ராக்கிக்கும் உயிர்காக்கும் மருந்துக்கும் மட்டும் விட்டு வைத்தது. விலையைக் குறைத்து எழுதச் சொல்வது சட்டமீறல் மட்டுமல்ல, பார்சல் தொலைந்தால் ஈடும் அந்தக் குறைந்த விலைக்குத்தான் கிடைக்கும்.

இத்தனை செலவையும் பொறுத்துக்கொண்டு ஒருவர் கண்ணால் பார்க்காத, கையால் தொடாத சட்டையை 5,000 கிலோமீட்டருக்கு அப்பாலிருந்து வாங்குகிறார் என்றால், எதை நம்பி வாங்குகிறார்? இந்த ஆய்வில் எனக்கு முக்கியமாகப் பட்டது இந்த இடம்தான். அவர் நம்புவது கடையின் பெயரை அல்ல, படத்தையும் அல்ல. படத்தின் கீழே உள்ள அளவுப் பட்டியலை நம்புகிறார்.

ஜப்பானிய உடைக் கடையின் பக்கத்தில் எஸ், எம், எல் என்பதோடு விஷயம் முடிவதில்லை. ஒவ்வொரு அளவுக்கும் நான்கு எண்கள் இருக்கும். கிதாகே: கழுத்தின் பின்புறத் தையலிலிருந்து கீழ் விளிம்பு வரை. மிஹாபா: சட்டையைத் தரையில் விரித்து, ஓர் அக்குளிலிருந்து மறு அக்குள் வரை. கதாஹாபா: தோளிலிருந்து தோள். சோதேதாகே: கையின் நீளம். எல்லாம் சென்டிமீட்டரில். இவை உடம்பின் அளவு அல்ல, உடையின் அளவு. இங்கேதான் நம்மவர்கள் தடுமாறுகிறார்கள். நம் ஊரில் மார்புச் சுற்றளவு 40 அங்குலம் என்று சொல்லிப் பழக்கம். அங்கே மிஹாபா 54 என்று இருந்தால், அது சுற்றளவில் பாதி; இரட்டித்தால் 108 சென்டிமீட்டர், நாற்பத்திரண்டரை அங்குலம். அது சட்டையின் சுற்றளவு, உடம்பின் சுற்றளவு அல்ல. 40 அங்குல மார்புக்காரருக்கு அது சரியாக இருக்கும், தளர்வாக இருக்காது.

செய்ய வேண்டியது இதுதான். நம்மிடம் நன்றாகப் பொருந்தும் சட்டை ஒன்றைத் துவைத்து, இஸ்திரி போட்டு, மேசையில் பொத்தான் போட்டு விரிக்க வேண்டும். சுருக்கத்தை நீவி விட்டு, தையற்காரரின் இஞ்ச் டேப்பில் சென்டிமீட்டர் பக்கத்தைத் திருப்பி, அந்த நான்கு எண்களையும் அளந்து எழுதிக்கொள்ள வேண்டும். பிறகு கடையின் பட்டியலில் எந்த வரிசை இதற்கு நெருக்கம் என்று பார்க்க வேண்டும். எழுத்துக் குறியை மறந்துவிடலாம். அங்கே எல் என்பது பெரும்பாலும் இங்கே எம். பெண்கள் உடையில் 7, 9, 11, 13 என்ற எண்கள் வரும். 9 என்பது அங்கே நடுத்தர அளவு. தோள் குறுகல், கை நீளம் குறைவு, இடுப்புக்கு மேலேயே முடிந்துவிடும் உயரம் ஆகியவை நம் உடம்புக்கு அடிக்கடி ஒத்துவராதவை. பட்டியலை ஒழுங்காகப் பார்த்தால் இவை எல்லாம் வாங்குவதற்கு முன்பே தெரிந்துவிடும்.

அளவோடு முடியவில்லை. ஜப்பானில் 1962-லேயே வந்த வீட்டுப் பொருள் தரக்குறிப்புச் சட்டம், துணியில் எந்த நார் எத்தனை சதவீதம் என்று எழுதச் சொல்கிறது. துவைப்புக் குறிகள் 2016 டிசம்பர் முதல் உலகப் பொதுத் தரத்துக்கு மாறிவிட்டதால் மொழி தெரியாமலே படிக்கலாம். நல்ல கடைகள் துணி தடிமனா மெல்லியதா, உள்ளே தெரியுமா, நீட்டுமா, உள்துணி உண்டா என்று ஒரு சிறு அட்டவணையும் போடும். படத்தில் நிற்பவரின் உயரமும் அவர் போட்டிருக்கும் அளவும் எழுதியிருக்கும். மே மாதத்தில் 40 பாகையைத் தாண்டும் திருப்பதியில் வாழ்பவருக்கு, துணி மெல்லியதா என்ற அந்த ஒரு வரி மற்ற எல்லாவற்றையும்விட உதவும். குளிருக்கென்று ஜப்பானியர் உருவாக்கிய ஹீட்டெக் உள்ளாடையை இங்கே மார்கழியில் திருமலை ஏறுபவர்தான் போட முடியும். யூனிக்லோவுடன் சேர்ந்து அந்த இழையை உருவாக்கிய டோரே நிறுவனத்துக்கு ஸ்ரீசிட்டியில் ஆலை இருக்கிறது. ஆனால் அங்கே செய்வது டயப்பருக்கான நெய்யாத் துணியும் பிளாஸ்டிக் பிசினும்தான், உடை அல்ல.

இந்தத் துல்லியத்துக்கு ஒரு காரணம் உண்டு. ஜப்பானியச் சட்டப்படி, அஞ்சலிலும் இணையத்திலும் வாங்கியதை மனம் மாறித் திருப்பும் உரிமை வாங்குபவருக்குத் தானாக வருவதில்லை. திருப்பும் விதியைக் கடை எழுதாமல் விட்டிருந்தால்தான் எட்டு நாளுக்குள், தன் செலவில் திருப்பலாம். திருப்ப முடியாது என்று எழுதிவிட்டால் அதோடு சரி. திருப்ப முடியாத சந்தையில் வாங்குபவர் துணிய வேண்டுமானால், விற்பவர் முன்கூட்டியே எல்லாவற்றையும் சொல்லியாக வேண்டும். நம் பெரிய இணையக் கடைகள் எதிர்வழியில் போயின. மூன்று அளவில் வாங்கு, இரண்டைத் திருப்பு என்றன. அதனால் அளவுப் பட்டியலைக் கவனமாக எழுத வேண்டிய தேவை அவற்றுக்கு வரவில்லை. வெளிநாட்டிலிருந்து வாங்குபவருக்கு ஜப்பானிய முறைதான் பயன். அவர் எப்படியும் திருப்பப் போவதில்லை. திருப்பும் அஞ்சல் செலவே சட்டை விலையை எட்டும், கட்டிய சுங்கத்தைத் திரும்பப் பெறுவது தனிநபருக்கு எளிதல்ல.

பழைய உடைகளைப் பற்றியும் ஒரு வார்த்தை. மெர்காரியிலும் யாஹூ ஏலத்திலும் உள்ளவற்றில் பெரும்பங்கு யாரோ போட்டது. விற்பவர் காலரின் உட்புறத்தைத் தனிப் படம் எடுத்து, இடது கையில் மூன்று மில்லிமீட்டர் கறை என்று எழுதும் அளவுக்கு நேர்மையாக இருப்பார். விலையும் பாதிக்குக் கீழே இருக்கும். இருந்தாலும் நான் தயங்கவே சொல்வேன். உடுத்திய துணியின் இறக்குமதி இந்தியாவில் கட்டுப்பாட்டுக்கு உட்பட்டது, உரிமம் வேண்டும். ஒரே ஒரு சட்டைதானே என்றாலும், பழையது என்று பார்சலில் எழுதியிருந்தால் நிறுத்தி வைக்க ஒரு காரணம் கிடைத்துவிடுகிறது.

சரி, எதை வாங்குவது? ஜப்பானில் விற்கும் உடைகளில் எண்ணிக்கைப்படி பார்த்தால் சுமார் 98 சதவீதம் இறக்குமதி. சீனா, வியட்நாம், வங்கதேசம், கம்போடியா, இந்தியா. பெரிய நிறுவனத்தின் சாதாரண டி-சர்ட்டை இடையாள் தளம் வழியாக வாங்குபவர், டாக்காவில் தைத்ததை யோகோஹாமா சுற்றி திருப்பதிக்கு வரவழைக்கிறார். இதற்கு நான் எந்த நியாயமும் காணவில்லை. 2011 ஆகஸ்டில் அமலுக்கு வந்த இந்திய-ஜப்பான் பொருளாதார ஒப்பந்தத்தின் வரிச்சலுகையும் ஜப்பானில் உருவானதற்குச் சான்றிதழ் இருந்தால்தான் கிடைக்கும். ஒற்றைச் சட்டைக்கு யாரும் அதை வாங்கித் தரப்போவதில்லை.

தகுதியானது அந்த மீதி இரண்டு சதவீதம். அதில் முதலிடம் ஜீன்ஸுக்கு. ஒகாயாமா மாவட்டத்தில், இன்று குராஷிகி நகரைச் சேர்ந்த கொஜிமாவில் 1965-ல் ஜீன்ஸ் தைக்கத் தொடங்கினார்கள், அமெரிக்கத் துணியை வைத்து. 1973-ல் குராபோ ஆலை ஜப்பானிலேயே டெனிம் நெய்தது. உலகம் வேகத் தறிகளுக்கு மாறியபோது, அங்கே சில ஆலைகள் நாடா ஓடும் பழைய தறிகளை வைத்துக்கொண்டன. குறுகிய அகலம், மெதுவான ஓட்டம், இரு பக்கமும் பிரியாத கரை, சற்றே மேடுபள்ளமான நெசவு. அந்தக் கரையைப் பார்த்துத்தான் இன்று உலகம் விலை கொடுக்கிறது. நகரியிலும் புத்தூரிலும் ஓடிய சாதா விசைத்தறியும் நாடா ஓடும் தறிதான். இங்கே அந்தத் தறியின் பெருமையை எடுத்துச் சொல்ல ஆள் இல்லை. பழைய இரும்பு விலைக்குப் போகிறது. ஒரு ஜோடி கொஜிமா ஜீன்ஸ் கிட்டத்தட்ட ஒரு கிலோ எடை. சுங்கம் எல்லாம் சேர்த்து அதிகம்தான், ஆனால் பத்து ஆண்டு உழைக்கும், அதுபோன்றது இங்கே கிடைக்காது. ஜீன்ஸுக்கு அடுத்தபடியாக, கை அவுரிச் சாயம் ஏற்றிய பருத்தி, வேலைக்காரர் மேலங்கி, கோடைக்கான ஜின்பெய் ஆகியவற்றைச் சொல்லலாம்.

ஜப்பானுக்கும் நமக்கும் இடையிலான இந்தத் துணி வழி புதிதல்ல. முன்பு திசை மட்டும் வேறாக இருந்தது. டச்சுக்காரர்கள் 1613-ல் பழவேற்காட்டில் கெல்திரியா கோட்டையைக் கட்டினார்கள். 1690-ல் நாகப்பட்டினத்துக்கு மாறும்வரை சோழமண்டலக் கரையில் அதுவே அவர்கள் தலைமையிடம். 1641 முதல் நாகசாகியின் தெஜிமா தீவில் இருந்துகொண்டு ஜப்பானோடு வணிகம் செய்யும் அனுமதி ஐரோப்பியரில் அவர்களுக்கு மட்டுமே இருந்தது. அந்தக் கப்பல்களில் இந்தக் கரையின் கலம்காரியும் கோடு போட்ட பருத்தியும் போயின. ஜப்பானியர் முன்னதைச் சரசா என்றும், பின்னதைச் சாந்தோமின் பெயரால் சாந்தோமே என்றும் அழைத்தார்கள். தேநீர்ச் சடங்குக் கிண்ணத்துக்கு உறை, புகையிலைப் பை என்று சின்னச் சின்னத் துண்டாக வெட்டி மதித்து வைத்துக்கொண்டார்கள். ஹிகோனே பிரபுக்களான ஈ குடும்பம் சேர்த்து வைத்த ஏறக்குறைய 450 துண்டுகள் இன்று தோக்கியோ தேசிய அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. 1778-ல் சரசா பென்ரான் என்ற கையேடே அச்சாயிற்று. வடிவங்களும் சாயமிடும் முறையும் அதில் உண்டு. கடலுக்கு அப்பால் இருந்த, நம் கரையை ஒருநாளும் பார்க்காத வாடிக்கையாளர்கள் அவர்கள். நம் துணியை அளந்து, வரைந்து, எழுதி வைத்தவர்களும் அவர்களே. சாந்தோமே கோடுகளைப் பார்த்துப் பார்த்துக் கடைசியில் கவாகோயே போன்ற ஊர்களில் தாங்களே நெய்யக் கற்றுக்கொண்டார்கள்.

காளஹஸ்தியில் கலம்காரிக் கலை அறுந்துபோகும் நிலையில் இருந்தது. 1950-களில் கமலாதேவி சட்டோபாத்யாயாவின் முயற்சியால் பயிற்சி மையம் வந்தது, மறுபடி துளிர்த்தது. கலம்காரிக் கலைஞர் குரப்பா செட்டிக்கு 2008-ல் பத்மஸ்ரீ கிடைத்தது. ஊரின் பெயருக்குப் புவிசார் குறியீடு அதற்கு முன்பே, 2005-ல். கடுக்காயும் எருமைப்பாலும் ஊறிய துணி, இரும்பும் வெல்லமும் புளிக்க வைத்த கறுப்பு, படிகாரம், ஸ்வர்ணமுகியில் அலசல் என்று ஒரு துணி பல நாள் எடுக்கிறது. இவ்வளவு உழைப்புள்ள துணி இணையத்தில் விற்பனைக்கு வரும்போது என்ன எழுதியிருக்கிறது என்று பாருங்கள். அழகிய கைவேலை, தூய பருத்தி, நிறம் சற்று மாறலாம். அகலம் எவ்வளவு? எடை? கையால் வரைந்ததா, அச்சுக்கட்டையா, திரை அச்சா? எந்தச் சாயம்? முதல் துவைப்பில் சாயம் விடுமா? சுருங்குமா? பெரும்பாலும் ஒன்றும் இராது. திரை அச்சுத் துணி கலம்காரி என்ற பெயரில் பத்தில் ஒரு பங்கு விலைக்கு விற்பதால் கைவினைஞர் நொடிகிறார் என்று வருந்துகிறோம். பட்டியலில் இரண்டுக்கும் ஒரே வரிகளை எழுதிவிட்டு வருந்துகிறோம்.

ஜப்பானிய வாங்குநர் எப்படிப்பட்டவர் என்பது திருப்பூருக்கு நன்றாகத் தெரியும். 1995-ல் அமலான உற்பத்தியாளர் பொறுப்புச் சட்டத்துக்குப் பிறகு, ஆடையில் முறிந்த ஊசித்துண்டு ஒன்று போனாலும் வழக்கு வரும் என்ற பயத்தில், ஒவ்வொரு உருப்படியும் ஊசி கண்டுபிடிக்கும் இயந்திரத்தில் ஏறி இறங்க வேண்டும் என்று அவர்கள் கேட்கிறார்கள். முறிந்த ஊசியின் எல்லாத் துண்டுகளையும் பொறுக்கிப் பதிவேட்டில் ஒட்டி வைக்கச் சொல்கிறார்கள். 2016 ஏப்ரல் முதல் தீங்கான அசோ சாயங்களுக்கும் வரம்பு கட்டிவிட்டார்கள். கடுமை என்று தோன்றலாம். ஆனால் கடுக்காயும் அவுரியும் மஞ்சிட்டியும் கொண்டு வேலை செய்யும் காளஹஸ்திக்காரருக்கு இந்த வரம்பு துணைதான். அதைச் சான்றோடு சொல்லத் தெரிந்திருக்க வேண்டும்.

வழியும் திறந்திருக்கிறது. அஞ்சல் துறை 2022-லிருந்து தாக் கர் நிர்யாத் கேந்திரா என்ற ஏற்றுமதி மையங்களை நடத்துகிறது. சிறு விற்பனையாளர் அஞ்சலகத்திலேயே சுங்கத் தாளை முடிக்கலாம். 2011 ஒப்பந்தத்தால் நம் துணிக்கு ஜப்பானில் சுங்கவரிச் சலுகை உண்டு. அதுவும் இல்லாமல், இப்போதைய விதிப்படி 10,000 யென்னுக்கு மேற்படாத பார்சலுக்கு, பின்னலாடை போன்ற சில இனங்கள் நீங்கலாக, ஜப்பானில் சுங்கமும் இல்லை, விற்பனை வரியும் இல்லை. தறியில் நெய்த துணியில் வரைந்த கலம்காரி மேல்துண்டு அந்த விலக்குக்குள் வரும். திருப்பதிக்கு வரும் சட்டைக்கு 1,529 ரூபாய் கட்ட வேண்டியிருக்கிறது. காளஹஸ்தியிலிருந்து நகோயாவுக்குப் போகும் 5,000 ரூபாய்த் துண்டுக்கு அங்கே வாங்குபவர் ஒரு யென்னும் வரி கட்ட வேண்டாம். அவர் வாங்கலாமா வேண்டாமா என்று யோசிக்கும்போது பார்ப்பது நீளம் 200, அகலம் 55, எடை 140 கிராம், முழுதும் பேனாவால் வரைந்தது, முதல் இரண்டு முறை தனியாகக் குளிர்நீரில் அலசவும் என்பது போன்ற ஐந்தாறு வரிகளைத்தான். அவற்றை எழுத காளஹஸ்தியில் ஓர் இஞ்ச் டேப்பும் தராசும், கணினி தெரிந்த ஒரு பிள்ளையும் போதும்.